ஐம்பத்து நாலு காட்டிய கம்பைலர்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்ததா என்றெல்லாம் கேட்காதீர்கள், அது நமக்கு எதற்கு? அந்தக் காட்டில் ஒரு பாலிடெக்னிக் இருந்தது. அங்கே தவமணி என்ற கீரி படித்தது. கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வில் மட்டும், பார்த்து எழுத மாட்டேன் என்று இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தது. இந்தத் தடவை தேறினால் அணைக்கட்டு ஆபீஸில் வேலை. இல்லாவிட்டால் காலம் பூராவும் பாம்போடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

"இந்த வாட்டி நானே புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டப் போறேன்" என்றது கீரி.

கூடப் படித்த முள்ளம்பன்றி மாசிலாமணி விழுந்து விழுந்து சிரித்தது. "எதை வச்சு ஓட்டுவே? நாம எழுதுறதை மிஷினுக்குப் புரிய வைக்கிறதே கம்பைலர்தான். நம்ம லேப்ல அது கிடையவே கிடையாது. பேசாம சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து விடையை எழுது. பதினொரு வருஷமா எல்லாரும் அப்படித்தானே பாஸ் ஆகுறாங்க?"

கீரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லேப் கம்ப்யூட்டரில் கம்பைலரை இறக்கப் பார்த்தது. இடமில்லை என்றது கம்ப்யூட்டர். பிரின்சிபால் யானையின் அறுபதாம் கல்யாணப் படங்களை அழித்தது. நாற்பது பக்க நிபந்தனைக்குப் படிக்காமலே சம்மதம் சொன்னது. யார்தான் படித்தார்கள்? வந்து இறங்கியதை வைரஸ் என்று நினைத்து வைரஸ் தடுப்பான் விழுங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் ஒருவழியாகக் கம்பைலர் ஓடியது! ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டச் சொன்னால், திரையில் 55. கீரி வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டது.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கொக்கு, திரையைப் பார்த்தது. சீனியர் ரெக்கார்டையும் பார்த்தது.

"ஐம்பத்து நாலுல்ல வரணும்?"

"கூட்டிப் பாருங்க ஐயா, ஐம்பத்தஞ்சுதான்."

"முதல் பேட்ச் ஆமையிலேர்ந்து இந்த முள்ளம்பன்றி வரைக்கும் அத்தனை பேருக்கும் ஐம்பத்து நாலு. உனக்கு மட்டும் ஐம்பத்தஞ்சா? இன்ஸ்டால் பண்ணத் தெரியலைன்னா எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"விரல் விட்டே எண்ணிடலாம் ஐயா."

"விரல் விட்டு எண்ணுறதுன்னா அப்புறம் கம்பைலர் எதுக்கு? பத்து நிமிஷம் தர்றேன், சரி பண்ணு."

கீரியின் கண்ணில் அணைக்கட்டு ஆபீஸ் வந்து போனது. பாம்பும் வந்து போனது. கூட்டல் வரிகளை எல்லாம் அழித்துவிட்டு, '54 என்று காட்டு' என ஒரே ஒரு வரி எழுதி ஓட்டியது.

கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது. "பார்த்தியா, இப்பத்தான் ஒழுங்கா இன்ஸ்டால் ஆகியிருக்கு" என்று நூற்றுக்கு நூறு போட்டது.

தவமணிக்கு வேலை கிடைத்துவிட்டது. அணையின் தண்ணீர் மட்டத்தைத் தினமும் குறிக்க வேண்டும். முதல் நாளே மேலதிகாரி எருமை ஒரு பழைய நோட்டை நீட்டி, "அணைப் பக்கம் போய் நனையாதே, இதைப் பார்த்து எழுது" என்றது. கீரி நோட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தது. இந்த வருஷம் மழை கொஞ்சம் அதிகம் என்று கேள்வி.

நீதி: தனி ஆள் செய்த பிழையைக் கம்பைலர் காட்டிக் கொடுக்கும், எல்லாரும் சேர்ந்து செய்த பிழைக்கு நூற்றுக்கு நூறு உண்டு. ஆகவே, அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் நீச்சல் பழகிக்கொள்ளவும்.