புரட்டாசிக்குள் ஒரு கருடன்

புரட்டாசி முதல் சனிக்கிழமை. துளசித் தீர்த்தம் குடித்த கை காய்வதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு சபதம் எடுத்தார்.

"கருடன் என் கண்ணுல பட்டாதான் கண் ஆபரேஷன். புரட்டாசி முடியறதுக்குள்ள வரணும். வரலைன்னா பெருமாளுக்கே இஷ்டம் இல்லைன்னு அர்த்தம்."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கடைசிச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ. சபதத்துக்கு முந்தின வாரம்தான் ஜாலான் புசார் கடைத்தெருவுக்குக் குழாய்ச் சாமான் வாங்கப் போனோம். சிவப்பு விளக்கு எரியும்போதே ரோட்டில் காலை வைத்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ் போன வேகத்தில் என் முந்தானை பறந்தது.

"பஸ் வந்தது தெரியலையாங்க?"

"நல்லாத் தெரிஞ்சுது. நிப்பாட்டுவான்னு நெனச்சேன்."

உண்மை என்னவென்றால், மனுஷருக்கு ஊசி என்றால் பயம். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். கொசு கடித்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அதை வெளியே சொல்ல முடியுமா? அதனால்தான் கருடனைப் பிடித்துக்கொண்டார். கருடனைக் கண்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் நான். அந்தப் பேச்சுக்கு மட்டும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

மேலே பார்த்தால்தானே கருடன்? அன்றிலிருந்து குடை பிடிக்க ஆரம்பித்தார். மார்க்கெட்டுக்குக் குடை. காப்பிக்கடைக்குக் குடை. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கூரைக்கு அடியிலும் குடை.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீடு பதினோராவது மாடி. துணி காயப்போடும் நேரத்தில் சில நாள் கருடன் கண்ணெதிரே மிதக்கும்.

"என்னங்க, ஓடி வாங்க! கருடன்!"

"வர்றேன், வர்றேன். செருப்பைக் காணோம்."

"வீட்டுக்குள்ள எதுக்குங்க செருப்பு?"

"சாமியை அவசரத்துல பார்க்கக் கூடாதும்மா."

அவர் வருவதற்குள் கருடன் கடல் தாண்டி ஜோகூர் போயிருக்கும்.

மூன்று சனி இப்படியே போனது. சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில் வரிசையில் நின்று அழாத குறையாக வேண்டினேன். பெருமாளே, உன் வாகனத்தை இவர் குனிகிற பக்கமாக அனுப்பக் கூடாதா?

எதிர்வீட்டு அப்துல் கையூம் தம்பி லீவு நாளெல்லாம் கழுத்தில் பைனாகுலரோடு பறவை பார்க்கப் போகிறவர். ஒரு நாள் லிஃப்ட் வாசலில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, இந்த மாசம் வடக்கேருந்து குளிருக்குப் பயந்து பருந்தெல்லாம் இந்தப் பக்கம் வரும். ஹென்டர்சன் ரோட்டுக்கு மேல பெரிய பாலம் இருக்குல்ல, அங்க நின்னு நாங்க பார்ப்போம். உங்க கருடனும் அங்கதான் சுத்தும். கடைசிச் சனிக்கு அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

"வர மாட்டாரே தம்பி."

"அதை என்கிட்ட விடுங்க லா."

அன்று சாயங்காலம் வாசலில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரிப் பேசினார்.

"அக்கா, நீங்க மட்டும் வாங்க. ரத்னவேல் அண்ணன் வேணாம். பருந்து பார்க்கக் கண்ணு கூர்மையா இருக்கணும். பாவம், அவருக்குச் சிரமம்."

உள்ளே பேப்பர் மடங்கியது.

"யாருக்குய்யா சிரமம்? கிரேன் உச்சியில உக்காந்துக்கிட்டுக் கீழ இருக்கற கண்டெய்னர்ல நம்பர் படிச்சவன் நான்!"

"அது அப்போ அண்ணே."

"இப்பவும் படிப்பேன்! எத்தனை மணிக்கு வரணும்?"

சனிக்கிழமை காலை குடையை நானே எடுத்து நீட்டினேன். "பருந்து பார்க்கப் போறவன் எவன் குடை பிடிப்பான்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

பாலத்தில் தம்பி பாடம் நடத்தினார். "தேன் பருந்துக்குத் தலை சின்னது, புறா மாதிரி கழுத்து நீட்டிக்கிட்டு இருக்கும். கடல் கழுகுக்கு வயிறு வெள்ளை. கருடன் ரொம்பச் சுலபம். தலையும் மாரும் வெள்ளை, றெக்கை செங்கல் நிறம்."

என் வீட்டுக்காரர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டார். திடீரென்று கையை நீட்டினார்.

"அதோ! தேன் பருந்து!"

"அண்ணே, அது பிளேன்."

"தெரியும். நீ முழிச்சிருக்கியான்னு பார்த்தேன்."

மணி பதினொன்று ஆனது. வானம் வெறுமையாக இருந்தது. இன்றைக்கும் வராவிட்டால் திங்கட்கிழமை போச்சு. அப்புறம் எந்த ரோட்டில், எந்த பஸ்ஸோ. கோவிந்தா, கோவிந்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

வந்தது. மர உச்சியை உரசிக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டது. வெள்ளைத் தலை. செங்கல் றெக்கை. நான் கண் கலங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, சொல்லுங்க. இது எது?"

அவர் நிமிர்ந்தார், கண்ணைச் சுருக்கினார். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்த முகம். உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? கருடன் என்று சொன்னால் ஊசி.

"தேன் பருந்து" என்றார்.

"தலை என்ன நிறங்க?"

"பழுப்பு. நல்ல அழுத்தமான பழுப்பு."

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே கருடனும் வேணாம், ஒண்ணும் வேணாங்க. இவ்ளோ கிட்ட வந்தும் தலை தெரியலைன்னா கண்ணு முழுசாப் போயிட்டிருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது. இப்பவே அவசரப் பிரிவுக்குப் போயிடுவோம். தம்பி, டாக்சி கூப்பிடுங்க."

"அவசரப் பிரிவா?"

"உடனே பார்த்து, உடனே ஊசி போட்டுடுவாங்க. பயப்படாதீங்க."

மனுஷர் துள்ளிவிட்டார்.

"ஏய், ஏய்! யாருக்குத் தெரியலை? சும்மா உன்னைச் சோதிச்சேன்! வெள்ளைத் தலை! வெள்ளை மாரு! செங்கல் நிற றெக்கை! அதோ, இன்னும் அங்கேயேதான் சுத்துது. நல்லாப் பாரு!"

"அப்போ அது கருடனாங்க?"

"கருடனேதான்! சின்னப்புள்ளகூடச் சொல்லும்!"

நீட்டிய கை அப்படியே நின்றது. தான் சொன்னது அப்போதுதான் அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது.

"மங்களம்..."

"திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குங்க. வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க."

கையூம் தம்பி என் காதருகே குனிந்தார். "அக்கா, அண்ணன் கை காட்டுற இடத்துல ஒண்ணுமே இல்லையே. கருடன் அப்பவே கடல் பக்கம் போயிடுச்சு."

"தெரியும் தம்பி. திங்கக்கிழமை வரைக்கும் அது அங்கேயே சுத்தட்டும்."