வாளுக்கு வைத்த பொட்டு

எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கியபோது வாளின் நுனி கறுத்திருந்தது.

வசந்தாமணி சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அதற்கும் போகவில்லை. குங்குமம்தான் காய்ந்து ஒட்டிக்கொண்டதாக்கும் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால், பழம் குத்தியிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், அதிலிருந்து சாறு வழிந்த தடமெல்லாம் கறுப்பாக ஒரு கோடு. ஆயுத பூஜை முடிந்து அன்றோடு மூன்று நாள்.

டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் ஒரு கோபிச்செட்டிப்பாளையத்துக் குடும்பத்தில் ஸ்காட்லாந்து வாளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த வீட்டுக்கு வந்த எல்லாருமே கேட்பார்கள். அவள் புருஷன் திருமூர்த்தி அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். மனுஷன் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மற்ற விஷயத்தில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வாளைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் பஜ்ஜி ஆறிப்போகும் வரை பேசுவார்.

1992இல் ஆபீஸ்காரர்களோடு ஒரு ஸ்காட்டிஷ் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆம்பளைகளை வசந்தாமணி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கூடாரத்துக்குள் போன திருமூர்த்தி இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளே வெஸ்லி என்று ஒரு கொல்லன், பாஸ்ட்ராப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன், தன் கையால் அடித்த வாள்களைப் பரப்பியிருந்தான். அதில் ஒன்றைத் தொட்டவர் தொட்டவர்தான். சொல்லிவைத்துப் பதினான்கு மாசம் காத்திருந்து, வாளும் அதற்கு ஜோடியாக ஒரு குத்துவாளும் வீட்டுக்கு வந்தன.

வாளின் பிடியைச் சுற்றி இரும்பில் ஒரு கூடு. கையை உள்ளே விட்டால் முழுதாக மூடிக்கொள்ளும். கூட்டுக்குள் சிவப்புத் துணியில் மெத்தை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக வளைத்துப் பற்றவைத்தது என்பார் திருமூர்த்தி. ஒரு விரலின் மேல் வாளைப் படுக்கவைத்து, ஆடாமல் நிற்கிறது பாருங்கள் என்பார். விருந்தாளிகள் காலைச் சோபாவுக்கு மேல் தூக்கிக்கொள்வார்கள். வசந்தாமணிக்குப் பிடித்தது குத்துவாள்தான். அதன் மரப்பிடியில் செதுக்கியிருந்த பின்னல் அச்சு அசல் சிக்குக் கோலம். "இதுக்குப் புள்ளி எத்தனைங்க?" என்று கேட்டு அவரையே திணறடித்திருக்கிறாள்.

வருஷம் முழுக்க இரண்டும் அவர் ரூமில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அவர் மட்டும்தான் திறப்பார். ஆயுத பூஜையன்று மட்டும் வாள் அவளுடையது. கார் சாவி, கால்குலேட்டர், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் நடுவே, நுனி மேலே பார்க்கச் சுவரில் சாய்த்து, சந்தனம் பூசி, பொட்டு வைத்து, நுனியில் ஒரு முழு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைப்பாள். அந்த நேரத்தில் திருமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். கோயிலில் கூட அவ்வளவு பக்தியாக அவரை அவள் பார்த்ததில்லை. பூஜை முடிந்ததும் அவரே எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். ஆறு வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வருஷமும் வாள் கண்ணாடி மாதிரிதான் வெளியே வந்தது.

இந்த வருஷம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் பார்க்கிங்கில் காரைப் பூட்டிவிட்டு நான்கு அடி நடந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயசு. மாரடைப்பு.

வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை கிடையாது. அது வசந்தாமணிக்கும் தெரியும். ஆனாலும் ஆயுத பூஜையன்று அவர் ரூமைக் கூட்டப் போனவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனுஷனுக்கு உழைத்த சாமான்கள் ஒரு பொட்டுக்குக் கூட வழியில்லாமல் கிடக்கின்றனவே என்று அழுகை வந்தது. மணியடிக்காமல், யாருக்கும் சொல்லாமல், திருட்டுத்தனமாகப் பூஜை செய்தாள். எடுத்து வைக்க ஆள் இல்லாததால் வாள் மூன்று நாள் அப்படியே நின்றது.

இப்போது கறுத்துவிட்டது.

குத்துவிளக்கு கறுத்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தாள். புளியைக் கரைத்து வாளின் நீளத்துக்கும் பூசி, அரை மணி ஊறவைத்துக் கழுவினாள். வட்டம் போய்விட்டது உண்மைதான். வாள் முழுக்கப் பழைய தோசைக்கல் நிறத்துக்கு வந்துவிட்டதால் வட்டம் எது, வாள் எது என்று தெரியவில்லை.

பயந்துபோய் இரண்டு தெரு தள்ளியிருந்த நாகரத்தினத்துக்குப் போன் செய்தாள். நாகரத்தினம் நல்ல மனுஷி; சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பத்து நாள் சமைத்துப் போட்டவள். வாய்தான் கொஞ்சம் யோசிக்காமல் திறந்துவிடும். வந்தவள் வாளைப் பார்த்துவிட்டு, விபூதியும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கேட்டாள். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து தேய்த்தார்கள். கறுப்பு போகவில்லை. கீறல் விழுந்தது. கீறலை மறைக்க இன்னும் தேய்த்ததில் கீறலுக்குத் துணையாக இன்னும் நூறு கீறல் வந்தது.

நாகரத்தினம் நாரைக் கீழே வைத்துவிட்டு யோசனையாகச் சொன்னாள். "வருஷம் திரும்பாத வீட்டுல பூஜை பண்ணலாமா வசந்தா? அதுவும் உன் கையாலேயேவா பொட்டு வச்ச?"

அவள் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் வசந்தாமணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருஷம் சுமங்கலியாக வைத்த பழம் ஒன்றும் செய்யவில்லை. இந்த வருஷம் வைத்தது இரும்பையே கறுக்கடித்துவிட்டது. பழம் அதே பழம், வாள் அதே வாள். மாறியது தன் கை மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு மேல் அந்த எண்ணம் அவளை விடவில்லை.

விஷயம் வாளோடு நிற்கவில்லை என்பதுதான் வேதனை. மகள் ரோஷினி சான் ஹோசேயில் எட்டு மாச கர்ப்பம். பிரசவம் பார்க்க வசந்தாமணிக்கு நவம்பர் பத்தாம் தேதி டிக்கெட் போட்டாகிவிட்டது. சூட்கேஸில் பிள்ளை பெற்றவளுக்கு லேகியம், குழந்தைக்கு வசம்பு எல்லாம் ஏறிவிட்டன. இந்தக் கையோடா போய்ப் பிறந்த குழந்தையைத் தூக்குவது என்று நினைத்தாள். அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு, முட்டி வலியாக இருக்கிறது, வர முடியாது போலிருக்கிறது என்றாள்.

ரோஷினி தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். முதலில் டாக்டரைப் பாரு என்றாள், பிறகு வீல்சேர் ஏற்பாடு செய்கிறேன் என்றாள். கடைசியில் இங்கிலீஷெல்லாம் தீர்ந்துபோய், "அப்பாவும் இல்ல. நீயும் வரலேன்னா எனக்கு யாரும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

கறை போனால் மகளிடம் போகலாம், கறை போகாவிட்டால் டிக்கெட்டை கேன்சல் செய்துவிடுவது என்று வசந்தாமணி முடிவுகட்டிக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது திட்டியாவது இருப்பார்கள்.

அடுத்து வந்தவர் கிருபைராஜ். பக்கத்து வீடு, நாகர்கோவில்காரர், ஒரு பிளான்ட்டில் கெமிஸ்ட். வாளைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் ஆசிட், புளி ஆசிட், ஆசிட்டுக்கு மேல் ஆசிட் போட்டிருக்கிறீர்கள், இது சிம்பிள் கெமிஸ்ட்ரி என்றார். பாத்டப்பில் தண்ணீர் நிரப்பி, மூன்று டப்பா பேக்கிங் சோடாவைக் கொட்டி, வாளைப் படுக்கவைத்தார். கூட்டுக்குள்ளிருந்த சிவப்புத் துணி சாயம் விட்டு, டப் முழுக்க ஆரத்தி கரைத்த மாதிரி ஆனது. அது சைட் எஃபெக்ட், கவலைப்படாதீர்கள் என்றார். கழுவி, டப்பின் ஓரத்திலேயே சாய்த்துக் காயவைத்துவிட்டுப் போனார்.

ஹூஸ்டன் காற்றில் பொரித்த அப்பளம் பத்து நிமிஷம் தாங்காது. காலையில் வாள் காவி கட்டியிருந்தது.

"தியரி சரிதான்க்கா," என்றார் கிருபைராஜ், துருவைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு. "துடைக்கச் சொல்ல மறந்துட்டேன்."

நாகரத்தினம் மறுபடி வந்தாள். இந்த முறை அவள் பார்வை பெட்டிக்குள் பளபளவென்று கிடந்த குத்துவாள் மேல் விழுந்தது. அவளுக்கு ஒரு யோசனை. ரெண்டும் ஜோடிதானே, பார்க்கிறவர்களுக்கு ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் இருப்பதால்தானே வித்தியாசம் தெரிகிறது. சின்னதற்கும் புளியைப் பூசி அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், வாங்கும்போதே இப்படித்தான் என்று சொல்லிவிடலாம். கிருபைராஜ் கூட, லாஜிக்கலாகத் தப்பில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

வசந்தாமணி குத்துவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிடியில் இருந்த பின்னல் அவள் கைக்குள் அடங்கியிருந்தது.

"ஜோடியில ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணையும் கருப்பாக்கணுமாக்கா?" என்றாள். "என்னை ஆக்குனது பத்தாதா?"

நாகரத்தினம் எழுந்து போய் அடுப்படியில் மூவருக்கும் காபி கலந்தாள். கொண்டுவந்து கொடுக்கும்போது அவள் கண் சிவந்திருந்தது. "நான் ஒரு கூறுகெட்டவ," என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியின் அடியில் வெஸ்லியின் கார்டு இருந்ததைக் கண்டுபிடித்தது கிருபைராஜ்தான். நம்பரைச் சுற்றினால் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. செய்த பாவத்தைக் கழுவுகிறவர் மாதிரி, சனிக்கிழமை நானே டிரைவ் பண்ணிக் கூட்டிப் போகிறேன் என்றார் அவர். வசந்தாமணி வாளைத் திருமூர்த்தியின் பட்டு வேட்டியில் சுற்றிப் பின் சீட்டில் கிடத்தி, சீட் பெல்ட்டும் போட்டாள். போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்ற பயத்தில் கிருபைராஜ் வழி முழுக்க முப்பது மைலைத் தாண்டவில்லை. டிராக்டர் கூட அவர்களை ஓவர்டேக் செய்தது. அந்த நேரமெல்லாம் வசந்தாமணி இங்கிலீஷில் நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை. வெஸ்லிக்கு அறுபது வயசு இருக்கும். தாடி நெருப்பில் பொசுங்கி ஒரு பக்கம் குட்டையாக இருந்தது. சுவர் முழுக்க வாள்கள். கூடு வைத்தவை, கூடு வைக்காதவை, இன்னும் தீட்டாதவை. கிருபைராஜ் அவற்றை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். வசந்தாமணி நிமிர்ந்து ஒன்றைக் கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மேஜை மேல் வைத்துப் பிரித்தாள்.

வெஸ்லி குனிந்து பார்த்தான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் வாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள்தான் மூர்த்தியின் மனைவியா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். கிருபைராஜ் ஆசிட்டைப் பற்றி ஆரம்பித்தார். அவள் அவரைக் கையமர்த்திவிட்டு, மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீதியை அவளுக்கு வந்த இங்கிலீஷில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

"ஆறு வருஷமா இதே மாதிரிதான் பழம் வெச்சேன். ஒரு பொட்டுக் கறை வரலை. இந்த வருஷம் மட்டும் இப்படி ஆயிருச்சு. இது என் கையால வந்ததா? உள்ளதைச் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்."

வெஸ்லி வாளை மெதுவாக மேஜை மேல் வைத்தான். அவனும் இங்கிலீஷில்தான் சொன்னான்.

"இந்த வருஷம் மட்டுமா? மேடம், ஆறு வருஷமா மூர்த்தி இதை இதே கறையோடதான் எடுத்துக்கிட்டு ஓடி வருவார். 'அவ ஆசையா வெக்கிறா, தெரிஞ்சா வெக்க மாட்டா'ன்னு சொல்லி, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டு, நான் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் அதோ அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்திருப்பார். ஆமா, இந்த வருஷம் ஏன் அவர் வரலை?"