சிவப்புக்கு இடது, பச்சைக்கு வலது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இவ்விடம் அனைவரும் நலம். நானும் நலம்தான், உங்கள் மகளின் கம்ப்யூட்டர்தான் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், உங்கள் மகள், அதாவது என் மருமகள், தன் ஆராய்ச்சிக்கு வயதானவர்கள் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனாள். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி, வண்டியில் ஒரு கீறல்கூட விழவிடாத கை, ஆராயட்டுமே என்று நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். ஒரு திரை, இரண்டு பொத்தான். சிவப்பு வட்டம் வந்தால் இடது பொத்தான், பச்சை வந்தால் வலது. இவ்வளவுதானா என்று சிரித்தேன், சிரித்தது தப்பு, பச்சை வட்டம் திரையின் இடது ஓரத்தில் வந்து நிற்கிறது, கண் அங்கே ஓடுகிறது, கண் போன பக்கமே கையும் ஓடி இடது பொத்தானை அமுக்கித் தொலைக்கிறது. அடுத்த சுற்றில் வட்டத்துக்கு முன்னாலேயே ஓரத்தில் ஒரு நட்சத்திரம் மினுக்கி, வா வா என்று கண்ணைக் கூப்பிட்டது, நான் இன்னும் மோசமானேன். “எந்தப் பக்கம்னு பாக்காதீங்க மாமா, நிறத்தை மட்டும் பாருங்க” என்றாள். கண்ணைத் திறந்துகொண்டே பார்க்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சரி, கைதான் துரோகி என்று முடிவு கட்டி, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கைகளைக் குறுக்கே மாற்றி வைத்துக்கொண்டேன். அப்போதும் வட்டம் வந்த பக்கத்துப் பொத்தான்தான் அமுங்கியது. கடைசியில் கைக்குட்டையால் திரையில் பாதியை மூடினேன். பாதி வட்டங்கள் என் கண்ணில் படவே இல்லை, நான் தூங்கிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எல்லாவற்றையும் உங்கள் மாப்பிள்ளையிடம் உளறிவிட்டேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினான். “கார் சாவியைக் குடுங்கப்பா.” சாவி இப்போது அவன் பீரோவில் இருக்கிறது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது சம்பந்தி, மனசு விட்டுப் போயிற்று. பால் வாங்கவாவது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

நீங்கள் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். உங்கள் குரலுக்கு மாப்பிள்ளை நடுங்குவான். பொத்தான் வேறு, பிரேக் வேறு என்று அவனுக்கும், இது ஒரு பரிசோதனையா என்று உங்கள் மகளுக்கும் நாலு வார்த்தை எழுதுங்கள். வயதானவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்குவது பாவம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சின்னவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நடந்தே போய் இதைத் தபாலில் சேர்க்கவிருக்கும்
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மருமகள் பரிசோதனையின் மதிப்பெண் பட்டியலோடு வந்தாள். கண் போன பக்கம் கை போவது எல்லோருக்கும் உள்ளதுதானாம், நான் பட்டியலில் நடுவில்தான் இருக்கிறேனாம், அதற்கும் கார் ஓட்டுவதற்கும் முடிச்சுப் போடக் கூடாதாம். புருஷனைத் திட்டி, சாவியை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டாள். அவள் பட்டியலை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அதன் கடைசி வரியையும் பார்த்துவிட்டேன். பெயர் இல்லை. “வயது 68, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பொத்தான்கள் தவறாகப் பொருத்தப்பட்டுள்ளதாக மூன்று பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார்.” ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மிகச் சிறந்த பரிசோதனை அது. இந்த வயதில் உங்களுக்குக் கார் எதற்கு சம்பந்தி? எங்கே போவதானாலும் ஒரு போன் போடுங்கள், நானே வந்து ஓட்டிப் போகிறேன்.