அக்கா பேரில் வரும் திருடன்

"அக்கா பேரை எடுத்துடுங்க மாமா, அஞ்சு நிமிஷ வேலை!"

"அவ பேர்ல கை வச்சே, கையை ஒடிச்சுடுவேன்டா!"

மருந்துக்கடைக்காரரும் அவருடைய மைத்துனனும் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன. தாமாக என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

விஷயம் இதுதான். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர். ஒரு காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அலமாரி மேல் அவர் வைத்துவிட்டுப் போன சோப்புப் பெட்டி அளவுக் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்தும் அதற்குள் லாகின் செய்து நுழையலாம். வாசல் கேமரா, அவர் எடுத்த படங்கள், பேசிப் பதிந்த குரல் எல்லாம் அதற்குள்ளேதான். மனிதர் அதை தினமும் துடைப்பார். தன் முகத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகத் துடைத்து நாங்கள் பார்த்ததில்லை.

வேலை தேடுகிறேன் என்று வந்து சாப்பாட்டை மட்டும் கண்டுபிடித்த மைத்துனன், பொழுது போகாமல், அதற்குள் யார் எப்போது வந்து போனார்கள் என்று அது குறித்து வைக்கும் பதிவுகளைத் திறந்து பார்த்தான். தினமும் சாயங்காலம் யாரோ உள்ளே வந்து, கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறார்கள். அதுவும் இறந்துபோனவர் பெயரில், அவர் உண்டாக்கி வைத்த ரகசியச் சாவியோடு!

"செத்தவ சாவியைத் திருடுறவன் மனுஷனாடா?" மருந்துக்கடைக்காரர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அவளோட சாமானைப் போய் நோண்டுறானே!"

"அப்ப சாவியையாவது மாத்துவோம்."

"அதுவும் அவ பண்ணி வச்சதுதான். தொடாதே."

"பேரையும் தொடக்கூடாது, சாவியையும் தொடக்கூடாதுன்னா, திருடன்கிட்ட கெஞ்சியா கேக்குறது?"

கடைசியில் மைத்துனனுக்கே ஒரு வழி தோன்றியது. இரண்டு கம்ப்யூட்டர்களும் பேச ஆரம்பிக்கும் முன், எந்த என்கிரிப்ஷனில், அதாவது எந்த ரகசிய மொழியில் பேசுவது, வழியில் யாரும் செய்தியை மாற்றவில்லை என்பதற்கு எந்த முத்திரையைப் போடுவது என்று ஒத்துப்போக வேண்டும்.

"அவன் மிஷின் அரதப்பழசு மாமா. அதுக்குத் தெரிஞ்ச பழைய என்கிரிப்ஷனை செட்டிங்ஸ்ல எடுத்துட்டா, வாசல்லயே நின்னுடுவான்."

எடுத்தான். மறுநாள் சாயங்காலம் திருடன் அதைவிடக் கொஞ்சம் புதிய வகையில் பேசிக்கொண்டு சாவகாசமாக உள்ளே வந்தான். மருந்துக்கடைக்காரரின் பழைய போன்தான் வெளியே நின்றுவிட்டது. கடையிலிருந்து வாசல் கேமராவைப் பார்க்க முடியவில்லை.

"திருடன் உள்ள, நான் வெளியவா? நல்லா இருக்குடா உன் படிப்பு!"

மைத்துனனுக்கு ரோஷம் வந்தது. அந்த வகையையும் எடுக்கப்போய் ஒரு வரியைத் தப்பாக அடித்துவிட்டான். இப்போது அவனையே அது உள்ளே விடவில்லை. எதிர்வீட்டு டிவியைத் தூக்கி வந்து, அந்தப் பெட்டிக்குத் திரையாக மாட்டித்தான் சரிசெய்ய முடிந்தது. அன்றைக்கு எதிர்வீட்டில் சீரியல் பார்க்காத மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. அந்தச் சண்டை தனிக்கதை.

திருடன் அன்றும் வந்துவிட்டுப் போனான். விடிந்ததும் பழைய முத்திரை வகைகள் அத்தனையையும் மைத்துனன் நீக்கினான். சாயங்காலம் கடைக்கு ஓடிவந்து தன் போனைக் காட்டினான்.

"பாருங்க மாமா! ஒண்ணும் ஒத்துப்போகலை, இணைப்பு மறுக்கப்பட்டதுன்னு வந்துடுச்சு. முட்டி முட்டிப் பாக்குறான்!"

"முட்டட்டும்டா! மண்டை உடையட்டும்!" கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று இருமல் மிட்டாய் இலவசம்.

வெற்றியோடு வீடு திரும்பியவர், கூடத்து இருட்டில் முக்காலியில் முட்டி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்கள்.

"பல்பு நல்லாத்தான் இருக்கு. சுவிட்சு போட்டீங்களா சார்?"

"அதை எதுக்குப் போடணும்? நான் வர்றப்போ அது தானா எரியும். அவதான் என்னமோ பண்ணி வச்சிருந்தா."

"தானா எரியுற விளக்கைப் பாக்கவா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று எலக்ட்ரீசியன் ஏணியை மடக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததும் தெருவுக்குத் தெரியும். மைத்துனனுக்கு வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனான். "தனியா இருக்காதீங்க மாமா, எங்களோட வந்துடுங்க" என்று அந்தப் பெண்ணும் கூப்பிட்டாள். இவர் நகரவில்லை. நீக்கிய பழைய வகைகளையெல்லாம் மைத்துனன் ஊருக்குப் போகுமுன்பே அவன் கையாலேயே திரும்பச் சேர்க்கவைத்து, "எவன் வந்தாலும் வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள்.

அவர்கள், இவர் முக்காலியில் முட்டிக்கொண்டதற்கு மறுநாள் காலை கடையில் இல்லாதவர்கள். காது மந்தமானதால் இவர் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாத்திரை வாங்க நின்ற எங்களுக்கெல்லாம் அச்சகத்து வாட்ச்மேன் பேசியது கேட்டது:

"சார், மேடம் மேஜையில இருக்குற பழைய கம்ப்யூட்டரு நேத்து சாயங்காலத்துலேர்ந்து உங்க வீட்டுக்குள்ள போகமுடியலைன்னு கத்திக்கிட்டே இருக்கு, நீங்க கடை மூடிட்டு இருட்டுல வந்து தடுக்கி விழக்கூடாதுன்னு தினமும் உங்க வீட்டு லைட்டைப் போடுறதுக்கு அவங்க எழுதி வச்சது, எங்க யாருக்கும் அணைக்க மனசு வரல... இனிமே அணைச்சுடட்டுமா சார்?"