மாமாவுக்குச் சீன சர்க்கஸ் பிடிக்கும்

“நல்லாத் தெரியுதா மாமா?” என்று அஷ்வின் காதோரம் குனிந்து கேட்டபோது ஜம்புநாதன் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“பிரமாதமாத் தெரியுது மாப்பிள்ளை” என்றார்.

மேடையில் சிவப்புப் பட்டு உடுத்திய ஒரு சீனப் பெண் உயரமான கம்பத்தில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். பாதிக் கம்பம் வரைக்கும்தான் அவர் பார்த்தார். அதற்கு மேல் அவளை அவள் கும்பிடும் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு இமையைச் சாத்திக்கொண்டார்.

மனிதர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்காகக் கம்பத்தில் ஏறி இறங்கியவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மயிலாடுதுறை அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, அதுவும் தரைத்தளம். மாடிக்கு மாற்றியபோது மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கீழேயே இருந்துகொண்டார். தான் ஏறினால்தான் என்றில்லை, அடுத்தவர் ஏறுவதைப் பார்த்தாலே அவருக்கு உள்ளங்கால் கூசும். வீட்டில் பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்க யாராவது ஸ்டூலைத் தேடினால் இவர் செருப்பைத் தேடுவார்.

அப்பேர்ப்பட்டவர் லண்டனுக்கு வந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சீன சர்க்கஸில் உட்கார்ந்திருந்தார் என்றால் எல்லாம் மரியாதை செய்த வேலை.

போன வாரம் மாமனாரும் மருமகனும் வெம்பிளி பார்க் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தார்கள். குளிர், ரயில், மகள் கோதையின் ஆஸ்பத்திரி ஷிப்ட் என்று தங்களுக்குள் இருந்த மூன்று விஷயங்களையும் வீட்டிலிருந்து நடந்து வருவதற்குள்ளேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். ரயிலோ வந்தபாடில்லை. மாப்பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் தண்டவாளத்தைப் பார்ப்பது? எதிர்ச் சுவரில் ஒரு விளம்பரம் இருந்தது. ஏதோ பேசவேண்டுமே என்று, “அடடே, சீன சர்க்கஸ்! பேஷா இருக்கே!” என்றார்.

“உங்களுக்குப் பிடிக்குமா மாமா?”

“பிடிக்குமாவாவது! உயிராச்சே!”

மறுநாளே டிக்கெட் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர் திரும்ப விமானம், சனிக்கிழமை மத்தியானம் சர்க்கஸ்.

“ஏம்ப்பா, நான் ஸ்டூல்ல ஏறினாலே தெருவுக்கு ஓடுவியே, நீயா சர்க்கஸ் பாக்கப்போற?” என்றாள் கோதை.

“உஷ்! மாப்பிள்ளை ஆசையா வாங்கியிருக்கார். அவருக்கும் பிடிக்கும்போல. வாயத் தொறக்காதே.”

கோதை ஏனோ விழுந்து விழுந்து சிரித்தாள். தனக்கு ஷிப்ட் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேருமே போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஜம்புநாதன் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். மாப்பிள்ளைக்கு அவர் ஒரு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. ஆறு மாதமாகச் சொல்ல முடியாமல் தொண்டையிலேயே நின்றிருந்தது.

லண்டனுக்கு வந்த புதிதில், வீட்டு வாசலில் கிடந்த ஈர இலையில் கால் வைத்து வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கோதைக்கு விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாக வேண்டும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவன் அஷ்வின். ஆக மாமனாருக்குப் பல் துலக்க பேஸ்ட் பிதுக்கியது அவன். சட்டைப் பித்தான் போட்டது அவன். முகச்சவரம் செய்தது, முதுகு தேய்த்தது, வேட்டி கட்டிவிட்டது எல்லாம் அவன். அவனுக்குத் தனக்கே வேட்டி கட்டத் தெரியாது. ஒட்டிக்கோ வேட்டி வாங்கிவந்து, அதன் மேல் தன் ஆபீஸ் பெல்ட்டையும் போட்டு இறுக்கி, “இப்ப நிக்கும் மாமா” என்றான். நின்றது.

மாப்பிள்ளை வந்தால் எழுந்து நின்று, கைகால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்துப் பழகிய குடும்பம் அது. அந்த மாப்பிள்ளை தன் முதுகுக்குச் சோப்புப் போட்டபோது ஜம்புநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தார்.

லண்டனில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டு இறங்குவார்கள். இவரும் பழகிக்கொண்டார். டிரைவருக்குச் சொன்னார், காய்கறிக் கடையில் சொன்னார், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைக்குச் சொன்னார். லண்டன் முழுக்கச் சொல்லியாயிற்று, மாப்பிள்ளையைத் தவிர. வீட்டு மனிதருக்கு நன்றி சொன்னால் அவரை வேற்று மனிதராக்கிவிட்ட மாதிரி ஆகாதா? மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அன்று காலையில்கூட ஆரம்பித்தார். “மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும்...” என்று தொடங்கியது, “சட்னில உப்பு கரெக்டா இருக்கு” என்று முடிந்தது.

இன்று எப்படியும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கண்ணைத் திறந்தால் அல்லவா வாயைத் திறக்க?

“மாமா, தூக்கம் வருதா? இருங்க, காபி வாங்கிட்டு வர்றேன்.”

“அய்யய்யோ, வேண்டாம்...”

அதற்குள் அஷ்வின் எழுந்து ஓடிவிட்டான். அவன் மூடிபோட்ட காபியோடு திரும்பி வந்தபோது கம்பத்துப் பெண் இறங்கி, வணங்கி, உள்ளே போய்விட்டிருந்தாள்.

ஜம்புநாதனுக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் மாப்பிள்ளை ஒரு நல்ல ஆட்டத்தைத் தவறவிட்டுவிட்டாரே! இனித் தூங்குவதுபோல் தெரியக்கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தார். கண் மூடியிருக்கட்டும், கை தட்டலாம் அல்லவா? எல்லாரும் தட்டும்போது தட்டினார். கூடவே “பேஷ்! பேஷ்!” என்று குரலும் கொடுத்தார்.

கீழே நின்று செய்த வித்தைகளைக் கண்ணைத் திறந்து பார்க்கவும் செய்தார். குச்சி முனைகளில் தட்டுகள் தாமரை இலை மாதிரி ஆடிச் சுழன்றதைப் பார்த்து உண்மையிலேயே சொக்கிப்போனார். பெரிய பீங்கான் ஜாடியை மேலே எறிந்து தலையிலேயே வாங்கிய ஆளைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஆனால் அந்த ஆள் ஜாடியோடு ஒரு மேசைமேல் தாவியதும் இவர் கண் தானாக மூடிக்கொண்டது. டம் என்று சத்தம். இதுதான் உச்சக்கட்டம் என்று எண்ணி, “பேஷ்! பேஷ்! சபாஷ்!” என்று கைதட்டித் தீர்த்தார்.

அரங்கமே அமைதியாக இருந்தது. ஜாடி கீழே விழுந்துவிட்டிருந்தது.

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ மானம் போச்சே என்று ஜம்புநாதன் குறுகிப்போனார். ஆனால் நல்ல மனிதர்கள், தவறியவனைத் தட்டிக்கொடுக்கத்தான் இந்தப் பெரியவர் கைதட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் சேர்ந்து தட்டினார்கள். ஜாடிக்காரன் நெஞ்சில் கைவைத்து, குறிப்பாக இவர் பக்கம் பார்த்துத் தலைவணங்கினான்.

அஷ்வின் நெகிழ்ந்துபோனான். “நீங்க இவ்ளோ ரசிப்பீங்கன்னு தெரியாமப் போச்சே மாமா. இந்தப் பின்வரிசைல உக்கார வச்சிட்டேனே!”

இடைவேளையில் அவன் டார்ச் வைத்திருந்த பெண்ணிடம் போய் ஏதோ பேசினான். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தான். இரண்டாம் வரிசையில் இரண்டு இடம் காலியாம், போய் உட்கார்ந்துகொள்ளலாமாம்.

“இங்கயே சௌக்கியமா இருக்கே மாப்பிள்ளை...”

“நாளைக்கு ஊருக்குப் போறீங்க. எனக்காக வாங்க மாமா.”

எனக்காக என்று கேட்டுவிட்டால் அப்புறம் மாமனார் என்ன செய்வார்? போனார்.

இரண்டாம் வரிசையில் நுனி இருக்கையில் ஒரு ஆள், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கருப்புக் கோட்டும் மஃப்ளருமாக மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு அம்மாள் உச்சந்தலையில் பெரிய கொண்டை போட்டிருந்ததால், பாவம், இடமும் வலமுமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து ஜம்புநாதன், அதற்கடுத்து அதேபோல் ஒரு கருப்புக் கோட்டில் அஷ்வின். மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆட்கள் மேடைமேல் மேசை ஒன்றைப் போட்டு, பக்கத்தில் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். அத்தனை நாற்காலியும் எதற்கு என்று கேட்கவே ஜம்புநாதனுக்குப் பயமாக இருந்தது.

“மாப்பிள்ளை, காபி வேலையைக் காட்டுது. ஒரு நிமிஷம் வந்துடறேன்” என்று கழிப்பறைக்கு ஓடினார்.

அங்கே முகம் கழுவினார். கண்ணாடியைப் பார்த்து, “மாப்பிள்ளை, ரொம்ப நன்றி” என்று சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. மறுபடி சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, “யூ ஆர் வெல்கம்” என்றார்.

திரும்பி வந்தபோது விளக்கணைத்து ஆட்டம் தொடங்கியிருந்தது. டார்ச் பெண் இரண்டாம் வரிசையைக் காட்டிவிட்டுப் போனாள். நுனி இருக்கை காலியாக இருந்தது. அதற்கடுத்து இருட்டில் ஒரு கருப்புக் கோட்டு தெரிந்தது. தொப்பிக்காரர் எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது, மாமா சிரமமில்லாமல் வந்து உட்காரட்டும், காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளை ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டாரே என்று ஜம்புநாதனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு இது தோன்றும்! சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

நிமிர்ந்து பார்த்ததுதான் தப்பு. மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் நாற்காலி, அதன்மேல் இன்னொன்று சாய்வாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பையன் ஒற்றைக் கையில் தலைகீழாக நின்றான். கீழிருந்து இன்னொரு நாற்காலியை வேறு கொக்கியில் மாட்டி அனுப்பினார்கள். முரசு அதிர்ந்தது.

“ஐயோ!” என்று கண்ணை மூடியவர், தாவிப் பக்கத்திலிருந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கை விலகவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. சற்றுக் காய்த்தும் போயிருந்தது. ஆறு மாதமாகத் தன் தட்டையும் சேர்த்துக் கழுவிக் கழுவி இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்ததும் ஜம்புநாதனுக்குத் தொண்டையில் நின்றது பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. கண் மூடியிருந்ததால் வாய் திறந்துகொண்டது.

“மாப்பிள்ளை, எனக்கு உயரம்னா பயம். நீங்க ஆசையா வாங்கினீங்கன்னுதான் வந்தேன். பாதி ஆட்டம் நான் பாக்கவே இல்லை. அது கிடக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும், குறுக்கே பேசாதீங்க. உங்களுக்குத் தண்ணி மொண்டு குடுக்கவேண்டியவன் நான். நீங்க எனக்கு முதுகு தேச்சு விட்டீங்க. கத்தி படாம சவரம் பண்ணினீங்க. ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கணுமே! பெத்த பிள்ளைன்னா உரிமைன்னு வாங்கிப்பேன். உங்ககிட்ட வாங்கினதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியாம ஆறு மாசமா உப்பு, சட்னின்னு உளறிண்டிருக்கேன். நீங்க நன்னா இருக்கணும். என் பொண்ணு புண்ணியம் பண்ணினவ. நானும்தான். ரொம்ப நன்றி மாப்பிள்ளை.”

அந்தக் கை அவர் கையை ஒருமுறை அழுத்தியது. முரசுச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையின் குரலும் தழுதழுப்பாகக் கேட்டது. “மாமா... மாமா...” என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. பின்னால் வந்ததையெல்லாம் தாளம் விழுங்கிவிட்டது. ஆனால் குரல் உடைந்து உடைந்து வெகுநேரம் ஒலித்தது. மாப்பிள்ளையும் மனம்விட்டுப் பேசுகிறார் என்பது புரிந்தது, அதுவே போதும்போல இருந்தது. ஜம்புநாதன் மூடிய கண்ணோடு அழுதார், இந்த முறை சோப்பின்மேல் பழி போடவில்லை.

முரசு நின்றது. அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. பையன் பத்திரமாக இறங்கிவிட்டான் போலிருக்கிறது. இவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் விடவில்லை. அப்போது காதருகில், ஊர் மணக்கும் யாழ்ப்பாணத் தமிழில், முன்பின் கேட்டிராத ஒரு கனத்த குரல் சொன்னது:

“ஐயா, நீங்கள் சொன்னதை நான் உங்கட மருமகனிட்டச் சொல்லிவிடுறன், அவர் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்குச் சொன்னதையும் உங்களிட்டச் சொல்லுறன், முதல்ல ரெண்டு பேரும் என்ர கையளை விடுங்கோ, நானும் ஒருக்காக் கைதட்ட வேணும்!”