இருமிக் காட்டுங்க

பொதுமக்களின் நலன் கருதி, பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் இருமல் பரிசோதனை இயந்திரம் நிறுவப்பட்டது. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, வலி கிடையாது. மைக் முன்னால் ஒருமுறை இருமினால் போதும். உடம்பில் என்ன தொற்று இருந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும்.

இயந்திரம் வந்ததற்கு முந்தின நாள்தான் லாரி மெக்கானிக் ஒருவருக்கு அங்கே மகள் பிறந்திருந்தாள். நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தவருக்கு இருமல் வரவில்லை. ஆள் குத்துக்கல் மாதிரி. தொண்டையைச் செருமிப் பார்த்தார். “போலி இருமல். மீண்டும் முயலவும்” என்றது இயந்திரம், பெண்குரலில், அன்பாக.

“எனக்கு ஒரு நோயும் இல்லை சார். இருமல் எப்படி வரும்?” என்று பொறுப்பு அதிகாரியிடம் கேட்டார்.

“நோய் இல்லைன்னு இருமிக் காட்டுங்க. வாயால சொன்னா ஏத்துக்க முடியாது.”

“சளி பிடிச்சவங்க நல்லா இருமுவாங்களே, அவங்களை விடுவீங்களா?”

“அதெப்படி? தொற்றுன்னு திருப்பி அனுப்பிடுவோம்.”

“அப்போ யார்தான் உள்ளே போறாங்க?”

“இதுவரைக்கும் யாரும் போகலை” என்றார் அதிகாரி அடக்கமாக. “அதனாலதான் ஒரு தொற்றுகூட உள்ளே போகலை. நூறு சதவீத வெற்றி.”

மெக்கானிக் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முட்டிப் புரையேறி, கண்ணில் நீர் தளும்ப இருமித் தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. வரிசை கைதட்டியது. அதிகாரியின் முகம் தொங்கிப்போனது.

உள்ளே, உள்ளங்கை அளவு முகத்தோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தேய்த்துக் கழுவிய விரலால் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மாமியார் பக்கத்தில் வந்தார்.

“டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க மாப்பிள்ளை. ஆனா வெளியே போறதுக்கும் இருமணுமாம்.”

“இருமிட்டாப் போச்சு அத்தை.”

“நாம எப்படியாவது இருமிடுவோம். இவ?”

வாசலில் குழந்தையை மைக்குக்கு நேராகப் பிடித்தார்கள். பெற்றவள் கெஞ்சினாள். மாமியார் இருமிக் காட்டினார். வரிசை மொத்தமும் சேர்ந்து இருமிக் காட்டியது. குழந்தை எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு தும்மல் போட்டது.

“தும்மல் இதன் வரம்புக்குள் வராது” என்றார் அதிகாரி. “அதுக்குத் தனி இயந்திரம். பரிசீலனையில் இருக்கு.”

கூட்டம் கொதித்துப்போனது. மக்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அங்கேயே தரையில் உட்கார்ந்து, தும்மல் இயந்திரம் உடனே வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். ஒரு கையில் மகளை அணைத்தபடி, மறுகையை உயர்த்தி, மெக்கானிக்தான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார்.