வழியனுப்ப ஆளில்லாத வகுப்பு

பாசிக்குப் பிரிவுரை எழுத வரவில்லை. பேனாவின் மேல் தப்பில்லை. போகிறவள் எழுதினால்தான் அது பிரிவுரை. அவள் எங்கேயும் போகவில்லை.

போன வாரம் பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"உன் ஆய்வேடு தேறலைம்மா. இன்னும் ஒரு வருஷம் இருந்து திருப்பிச் செய்யணும்."

"சார், நீங்கதானே நல்லா வந்திருக்குன்னு…"

"சொன்னேன். மறுபடி படிச்சுப் பார்த்தேன். நாலு பேர்ல உன்னை மட்டும் நிறுத்த எனக்கு மனசு வருமா? யார்கிட்டயும் மூச்சு விடாதே. மத்த மூணு பேராவது சந்தோஷமா கிளம்பட்டும்."

அவள் வெளியே வரும்போது உள்ளே அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பாவம் மனுஷர் என்று நினைத்தபடியே படியிறங்கினாள். தனக்காக அழவேண்டும் என்பது கடைசிப் படியில்தான் ஞாபகம் வந்தது.

தாவரவியல் துறையில் மொத்தமே நான்கு மாணவிகள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கைகூட வந்து சேரவில்லை. முதல் வாரத்திலேயே பேராசிரியர் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார். ஆய்வக வாசலில் வழுக்கி விழுந்தவள் பாசி. விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்து, எதன் மேலாவது சாய்ந்தே நிற்பவள் கொடி. வாயைத் திறந்தாலே குத்துகிறவள் கள்ளி. ஏன் என்று கேட்டால்கூட அழுகிறவள் சிணுங்கி. விடுதியில் நால்வருக்கும் ஒரே அறை.

வழியனுப்பு விழா நடத்த ஜூனியர்கள் இல்லாததால், தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொள்வது என்று முடிவானது.

"உரையை நீ படி" என்றாள் கொடி, சுவரில் சாய்ந்தபடி.

"நானா? எனக்குத் தொண்டை சரியில்லை."

"உன் தொண்டை என்னைக்குத்தான் சரியா இருந்துச்சு? எழுதுடி" என்றாள் கள்ளி.

மறுத்தால் சந்தேகம் வரும். பாசி ஒப்புக்கொண்டாள். சுருக்கமாக எழுதி, யாரையும் அழவிடாமல் முடித்துவிடுவது என்பது அவள் திட்டம்.

விழா ஆய்வகத்தில் நடந்தது. உலர்ந்த செடிகளை ஒட்டிய அட்டைகளும் அந்துருண்டை வாசனையும் சுற்றிலும் இருந்தன. பேராசிரியர் நடுவில் உட்கார்ந்திருந்தார். செடி சேகரிக்கக் காட்டுக்குப் போன இடத்தில் கொடியின் காலில் அட்டைப்பூச்சி கடித்தபோது, பேராசிரியர் காலைப் பார்க்காமல் பூச்சி எந்த இலையிலிருந்து விழுந்தது என்று விசாரித்ததில் தொடங்கினாள் பாசி. எல்லோரும் சிரித்தார்கள். நால்வருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்து, யார் யாருக்கு மருந்து கொடுத்தார்கள் என்றே தெரியாமல் எல்லோருக்கும் குணமானதைச் சொன்னாள். அதுவரை பிழையில்லை.

அடுத்த வரியை எழுதாமலே விட்டிருக்கலாம். "எங்க அம்மா விழுந்துட்டாங்கன்னு போன் வந்தப்போ நான் வெறுங்காலோட பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பின்னாடியே மூணு பேரும் ஓடி வந்தாங்க. கள்ளி தன் செருப்பைக் கழட்டி என் காலில் மாட்டிவிட்டா…"

குரல் உடைந்தது. சிணுங்கி அழுதது எதிர்பார்த்ததுதான். கொடி மேசை மேல் சாய்ந்து குலுங்கினாள். ஆனால் கள்ளி! சொந்தத் தகப்பன் சாவுக்கே கண்ணில் தண்ணீர் வராத கள்ளி, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு கேவினாள்.

"உங்களையெல்லாம் விட்டு நான் எப்படிப் போவேன்?" என்று அலறினாள் சிணுங்கி.

பேராசிரியர் எழுந்து சட்டென்று வெளியே போய்விட்டார்.

இத்தனை பாசத்தையும் ஏமாற்றுகிறோமே என்று பாசிக்கு உறுத்தியது. சமாளிப்பதற்காக, "நினைவுக்கு ஆளுக்கொரு பொருளை மாத்திக்கலாம்" என்று சொல்லித்தொலைத்தாள். அதுவும் வினையாகப் போயிற்று. அவளுடைய மேசை விளக்கு கள்ளிக்குப் போனது. வாளி கொடிக்கு. பதிலுக்குப் பாசிக்குக் கிடைத்தது கம்பி உடைந்த ஒரு குடை. அடுத்த வருஷம் முழுக்க இருட்டில், வாளியில்லாமல், குடை பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான். மற்றவர்களும் தங்கள் சாமான்களைத் தர மனமில்லாமல்தான் தந்தார்கள். சிணுங்கி தன் தலையணையை நீட்டியபோது, கொடி அதைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். மூன்று வருஷமாக, ஒரு பக்கம் விழுந்துபோன அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்தான். அத்தான் வேலை பார்ப்பது வேறு தேசத்தில். பாசி படிப்பை முடித்து வந்ததும் அக்கா அவரிடம் போவதாக ஏற்பாடு.

"எந்த வண்டியில வர்ற? அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறது எப்படின்னு உனக்குச் சொல்லித்தரணும். முதுகுல புண்ணு வந்துடுச்சு. நான் பெட்டியெல்லாம் கட்டிட்டேன்டி."

"அக்கா, கொஞ்சம் நாளாகும்க்கா. பட்டமளிப்பு விழா முடிஞ்சுதான் விடுவாங்களாம்."

அந்தப் பக்கம் அக்கா மூக்கைச் சிந்தினாள்.

"அப்படின்னா நல்லதாப் போச்சு. வண்டியில படுக்கவெச்சாவது அம்மாவைக் கூட்டிட்டு வரேன். நீ பட்டம் வாங்குறதைப் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். பேச்சு வரலேன்னாலும் கையைக் காட்டிக் காட்டிச் சொல்றாங்க."

பாசி போனை வைத்தாள். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்லி, எழுந்திருக்க முடியாத அம்மாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தாயிற்று.

மறுநாள் காலை நால்வரும் பெட்டிகளோடு கல்லூரி வாசலில் நின்றார்கள். கட்டிப்பிடித்தாயிற்று. அழுதாயிற்று. பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை.

"நீ போடி, உனக்குத்தான் தூரம்" என்றாள் கள்ளி கொடியிடம்.

"நீங்கல்லாம் போனப்புறம்தான் நான் போவேன்."

"நான் அழுது முடிச்சிட்டுப் போறேன்" என்றாள் சிணுங்கி.

அடுத்த பஸ்ஸும் அவர்களை ஏற்றாமலே போனது. அதற்கடுத்த பஸ்ஸின் நடத்துநர், "ஏம்மா, ஏறப் போறீங்களா, இல்ல நாங்க இறங்கி உங்ககூட நிக்கணுமா?" என்று கேட்டார். மானம் தாங்காமல் பாசி ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள். மூன்று பேரும் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு சந்து வழியாகவே திரும்பி நடந்தாள். ஒரு சக்கரம் கழன்று போயிற்று. இந்நேரம் தோழிகள் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். அவர்கள் இருக்கும்வரை வாய் திறக்க முடியவில்லை. இனி என்ன வெட்கம்? நேராகப் பேராசிரியரிடம் போய், அம்மாவின் முதுகுப் புண்ணைச் சொல்லி, காலில் விழுந்தாவது கெஞ்சுவது என்று தீர்மானித்தாள். விழுவது அவளுக்குப் பழக்கம்தான்.

துறையின் படிக்கட்டில் வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் ஏறிக்கொண்டிருந்தார். பேராசிரியரின் மனைவி. ஆண்டு விழாவில் முன்வரிசையில் பாசி பார்த்திருக்கிறாள்.

"நீ பாசிதானே?" அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆமாம்மா. சார் இருக்காரா? அவர்கிட்ட ஒரு விஷயம் கெஞ்சிக் கேக்கணும்."

"எனக்குத் தெரியும்மா. எல்லாத்தையும் சொன்னார்."

"சொல்லிட்டாரா?" பாசியின் கண்ணில் நீர் முட்டியது. "அம்மா, எங்க வீட்டு நிலைமை…"

"வீட்டு நிலைமை அப்படி இருந்துமா?" அம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படிக்கப் பிள்ளைங்க இல்லேன்னா துறையை மூடி இவரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு தெரிஞ்சு, நீங்க நாலு பேருமே தனித்தனியா வந்து, 'இன்னொரு வருஷம் இருக்கோம் சார்'னு சொன்னீங்களாமே, பெத்த பிள்ளைங்ககூட இப்படிச் செய்யாதும்மா!"